கடைசியாக நிற்கும் பையன்

கேள்வி: ஐயா, நாங்கள் திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. எட்டாவது படிக்கும் என் மகனுக்கு இந்தி இன்னும் சரளமாக வரவில்லை. பி.டி. பீரியடில் கேப்டன்கள் ஆள் எடுக்கும்போது இவன்தான் கடைசியாக நிற்பானாம். அந்த நாட்களில் வயிற்று வலி என்று படுத்துவிடுகிறான். அந்த நேரம் நூலகத்தில் இருக்க அனுமதி கேட்கலாமா?
– ஒரு தாய், செம்பூர்

பதில்: நூலகம் வேண்டாம் அம்மா. முதலில் அந்த ஆள் எடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும். தாராவியில் 28 வருஷம் பி.டி. ஆசிரியராக இருந்தேன். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் பிரித்தேன். கடைசியாக நின்ற ஒரு பையன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. யாருக்கும் நீ வேண்டாம் என்பதைத்தான் அன்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன். அப்புறம் அணிகளை முந்தின இரவே நானே எழுதி எடுத்துப்போனேன்.

கூச்சப்படும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுத்தது கோ-கோ. மகாராஷ்டிரத்தில் ஊறிய ஆட்டம், அதிகம் பேசத் தேவையில்லை. எட்டுப் பேர் முகத்தை மாற்றி மாற்றி வைத்து வரிசையாக உட்கார, ஒன்பதாவது ஆள் துரத்துவான். அவன் வரிசைக்கு நடுவே புகுந்து மறுபக்கம் போகக் கூடாது, ஓடத் தொடங்கிய திசையிலிருந்து பாதியில் பின்னால் திரும்பவும் கூடாது. எதிராளி மறுபக்கம் நழுவிவிட்டால், அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவனின் முதுகைத் தொட்டு 'கோ' என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அவன் இடத்தில் உட்கார வேண்டும். எவ்வளவு வேகமாக ஓடுகிறவனுக்கும் அடுத்தவன் துணை வேண்டும். வாயே திறக்காத பிள்ளைகள் அரை மணி நேரத்தில் தொண்டை கட்டும் அளவுக்குக் 'கோ' சொன்னதைப் பார்த்திருக்கிறேன்.

அணியை அன்றைக்கே கலைக்கவும் கூடாது. அமெரிக்கப் பேராசிரியர் டேரில் சீடன்டாப் 1980களில் வகுத்த முறையில், பிள்ளைகள் பல வாரம் ஒரே அணியில் இருப்பார்கள். நடுவர், ஸ்கோர் எழுதுபவர், பயிற்சி தருபவர் என்று பொறுப்பும் ஏற்பார்கள். நான் செய்து பார்த்ததில் நடுவர் வேலைதான் பெரிய பாடம். கோபத்தோடு வரும் நண்பனிடம் ஏன் அவுட் என்று நிதானமாகச் சொல்ல வேண்டுமே!

பி.டி. ஆசிரியரை நேரில் பாருங்கள். வயிற்று வலியின் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். அணியை அவரே பிரிக்கட்டும். முதல் இரண்டு வாரம் ஸ்கோர் நோட்டை உங்கள் மகனிடம் தரச் சொல்லுங்கள். எழுதுவதற்காக அவன் ஒவ்வொருவரிடமும் போய்ப் பெயர் கேட்டாக வேண்டும். அதற்கு வேண்டிய இந்தி ஒரே வரிதான், வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.