படிக்கு 50 ரூபாய்னு கேட்டுப் பாருங்க

படிப்பகத்துக்கு 60,000 ரூபாய் வேணும், அதுக்கு நிதி திரட்ட 12 பேர் சோளிங்கர் பெரிய மலை ஏறுறோம், வசூல் 9,000க்கு மேல நகரலைன்னு எழுதியிருந்தீங்க தம்பி. "நன்கொடை தாங்க"ன்னு மொட்டையா கேட்டா யாரும் பையில கைய விட மாட்டாங்க. படிய வித்துடுங்க. பெரிய மலைக்கு, அதான் யோக நரசிம்மர் மலைக்கு, 1305 படி. படிக்கு 50 ரூபாய்னா 65,250. பெரிய சார்ட்டுல 1305 கட்டம் போட்டு, காசு கொடுத்தவங்க பேரை அவங்க கண்ணு முன்னாடியே எழுதுங்க. தாத்தா நினைவா பத்துப் படி, குழந்தை பொறந்தநாளுக்கு அஞ்சுப் படின்னு அவங்களே கேப்பாங்க.

லாங்கு பஜார் கடைக்காரங்ககிட்ட வியாபார நேரத்துல போகாதீங்க, மதியம் போங்க.

"அதான் ரோப் கார் இருக்கே"ன்னு யாராவது கிண்டலடிப்பாங்க. "நடந்தே ஏறிட்டா இரண்டு மடங்கு தரீங்களா?"ன்னு அங்கேயே பிடிச்சுக்குங்க!

பஸ் செலவு, சாப்பாடு உங்க கைக்காசா இருக்கணும், அதை முதல்லயே சொல்லிடுங்க. வருமான வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது கேக்கிறவங்க 2,000க்கு மேல ரொக்கமா கொடுத்தா வரிச்சலுகை கிடைக்காது; வங்கி வழியா வாங்குங்க. கார்த்திகை ஞாயிறு மட்டும் வேணாம், கூட்டத்துல ஏறவே முடியாது. சார்ட்டை மலைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, குரங்கு விடாது.