கணினிக் கேள்வி பதில்: சர்வரில் யார், எதை ஓட்டினார்?

கேள்வி: எங்கள் துறையில் மாணவர்கள் எல்லோரும் ஒரே உபுண்டு சர்வரில்தான் லாகின் செய்கிறார்கள். பிற்பகலில் மெஷின் திணறுகிறது. போய்ப் பார்ப்பதற்குள் சரியாகிவிடுகிறது. யார் எதை ஓட்டினார், எவ்வளவு சிபியு போனது என்று பிறகு பார்க்க முடியுமா? பேஷ் ஹிஸ்டரி (தட்டிய கட்டளைகளை ஷெல் சேமிக்கும் கோப்பு) போதுமா?
– கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர்

பதில்: ஹிஸ்டரி போதாது. அது மாணவரின் சொந்தக் கோப்பு, நினைத்தால் அழித்துவிடலாம். உபுண்டுவின் இயல்பான அமைப்பில் கட்டளைக்கு முன் ஓர் இடைவெளி விட்டாலே அதில் பதியாது. சிபியு கணக்கும் அதில் கிடையாது.

உங்களுக்குத் தேவை, கெர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதும் பிராசஸ் அக்கவுன்டிங், அதாவது ஓடி முடிந்த ஒவ்வொரு புரோகிராமின் கணக்கு. யூனிக்ஸில் 1970களிலேயே இருந்த வசதி இது. உபுண்டுவிலும் டெபியனிலும் ‘ஏசிசிடி’ என்ற பேக்கேஜை நிறுவினால் பதிவு தானே தொடங்கிவிடும். ரெட் ஹாட் வகை லினக்ஸில் பேக்கேஜின் பெயர் ‘பிஎஸ்ஏசிசிடி’. அங்கே சர்வீஸை நாமே எனேபிள் செய்து, ஸ்டார்ட்டும் செய்ய வேண்டும். நிறுவுவதற்கு முன் ஓடியவற்றை எதுவும் மீட்டுத் தராது.

ஒவ்வொரு பிராசஸும் முடியும்போது கெர்னல் 64 பைட் எழுதுகிறது: கட்டளையின் பெயர் (15 எழுத்து வரை), யூசர், டெர்மினல், தொடங்கிய நேரம், எடுத்த சிபியு, சில அடையாளங்கள். இதைப் படிக்க ‘லாஸ்ட்காம்’ கட்டளை, கடைசியில் இரண்டு எம். சூடோவுடன் (நிர்வாகி உரிமையில்) ஓட்டுங்கள். வரியில் ‘எக்ஸ்’ இருந்தால் சிக்னல் கொன்ற பிராசஸ். ஒரே சமயத்தில் நிறைய ‘எக்ஸ்’ தெரிந்தால் மெமரி தீர்ந்து கெர்னலே கொன்றிருக்கலாம், கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜில் பாருங்கள். ‘எஃப்’ என்றால் ஃபோர்க் ஆகி (இன்னொரு பிராசஸின் நகலாகத் தொடங்கி) வேறு புரோகிராமாக மாறாமலே முடிந்தது.

இரண்டு இடத்தில் எல்லோரும் தடுமாறுவார்கள். பட்டியல், முடிந்த வரிசைப்படி வருகிறது. ஆனால் அச்சாகும் நேரம், தொடங்கிய நேரம். காலை 9 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 4 மணிக்கு முடிந்த பைத்தானுக்கு எதிரே 9 மணி என்றுதான் இருக்கும். ‘3 மணிக்கு யார்’ என்று தேடினால் சரியாக அந்த ஆள்தான் தப்புவார். இன்னும் ஓடிக்கொண்டிருப்பது பட்டியலிலேயே இருக்காது. அதற்கு, இப்போது ஓடுபவற்றைக் காட்டும் டாப் கட்டளைதான் வழி. இன்னொன்று, யூசர் பெயரும் கட்டளையும் சேர்த்துக் கேட்டால் இரண்டில் ஏதாவது ஒன்று பொருந்தும் வரியெல்லாம் வரும். இரண்டும் பொருந்த வேண்டுமானால் ‘ஸ்டிரிக்ட்-மேட்ச்’ ஆப்ஷனைச் சேருங்கள்.

கூட்டுத்தொகைக்கு ‘எஸ்ஏ’ கட்டளை. ஹைஃபன் எம் கொடுத்தால் ஆளுக்கு எத்தனை பிராசஸ், எத்தனை நிமிட சிபியு என்று வரும். முதலில் இதைப் பார்த்து, பெரிய தொகை உள்ளவரை மட்டும் லாஸ்ட்காமில் தேடுவதே சுருக்கவழி. எஸ்ஏ தரும் பட்டியலில் ‘சிபி’ (சிபியு நேரம்) பத்தியை நம்பலாம். ‘ஏவிஐஓ’ (சராசரி உள்ளீடு-வெளியீடு) லினக்ஸில் எப்போதும் பூஜ்யம்தான். கெர்னல் அதை நிரப்புவதே இல்லை. ‘கே’ பத்தி வர்ச்சுவல் மெமரியின் (புரோகிராம் ஒதுக்கிக்கொண்ட முகவரி இடம்) அளவு, உண்மையில் பிடித்த ராம் அல்ல. ஜாவாவுக்கு அது பெரிதாகவே தெரியும்; ஜாவா ஓட்டிய மாணவரை அதை வைத்துக் கூப்பிட்டுத் திட்டிவிடாதீர்கள்.

கேள்வி: அக்கவுன்டிங் கோப்பு பெருத்துவிட்டது என்று ஆர்எம் போட்டு அழித்தேன். டிஸ்கில் இடம் திரும்பவில்லை, புதுப் பதிவும் காணோம். ஏன்?
– சிஸ்டம் அட்மின்

பதில்: கெர்னல் அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. பெயர் போனாலும் எழுத்து உள்ளே தொடர்கிறது. ‘ஆக்ட்ஆன்’ கட்டளையால் ஆஃப் செய்தால் இடம் திரும்பும். பிறகு வெற்றுக் கோப்பை உருவாக்கி மறுபடி ஆன் செய்யுங்கள். 10 லட்சம் பிராசஸுக்கு 64 எம்பி ஆகும். பெரிய கம்பைல் ஒன்றே பல்லாயிரம் சிறு பிராசஸ்களைக் கிளப்பும். டெபியன் வகையில் எத்தனை நாள் பதிவு வைப்பது என்பதை ‘டிஃபால்ட்’ அடைவிலுள்ள ஏசிசிடி கோப்பில் மாற்றலாம், இயல்பு 30.

டிஸ்கில் காலியிடம் 2 சதவீதத்துக்கு இறங்கினால் பதிவு நின்றுவிடும், 4 சதவீதத்துக்கு ஏறினால்தான் தொடரும். கணக்கில் திடீர் இடைவெளி தெரிந்தால் முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும்.

கேள்வி: கட்டளையோடு கொடுத்த கோப்புப் பெயர்களும் தெரிய வேண்டும்.
– ஆய்வு மாணவர்

பதில்: பிராசஸ் அக்கவுன்டிங்கில் பெயர் மட்டும்தான். ஆர்கியுமென்ட்டுகள் (கட்டளையோடு கொடுப்பவை) வேண்டுமானால் கண்காணிப்புச் சேவையான ஆடிட்டி நிறுவி, புரோகிராமைத் தொடங்க கெர்னலை அழைக்கும் ‘எக்ஸெக்விஇ’ சிஸ்டம் காலுக்கு 64 பிட், 32 பிட் இரண்டுக்கும் விதி எழுதுங்கள். லாக் வேகமாக வளரும். கட்டளை வரியில் கொடுத்த பாஸ்வேர்டும் அதில் விழும், ஆகவே படிக்கும் உரிமையை ரூட்டோடு (நிர்வாகிக் கணக்கு) நிறுத்துங்கள். சிடி (அடைவு மாற்றும் கட்டளை) போல ஷெல்லுக்குள்ளேயே முடியும் கட்டளைகள் இரண்டு முறையிலும் பதியாது.

கேள்வி: ஒருவரே எல்லாவற்றையும் விழுங்காமல் தடுக்க?
– அதே ஆய்வகப் பொறுப்பாளர்

பதில்: சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் யூசர் ஸ்லைஸில் (ஒருவரின் பிராசஸ்கள் எல்லாம் அடங்கிய குழு) ஆளுக்கு மெமரிமேக்ஸ் என்ற மெமரி உச்சவரம்பு வையுங்கள். மீறினால் பிராசஸ் கொல்லப்படுவது அவருடைய ஸ்லைஸுக்குள்ளேயே நடக்கும், மற்றவர் வேலை தப்பும். சிபியுவுக்கு உச்சவரம்பு வைக்கும் சிபியுகோட்டா 200% என்றால் இரண்டு கோர் அளவு. ஆனால் இரவில் மெஷின் சும்மா கிடக்கும்போதும் அந்த வரம்பு விடாது. அதனால் மெமரிக்கு மட்டும் கண்டிப்பான வரம்பு வைத்து, சிபியுவை, போட்டி வரும்போது மட்டும் பங்கிடும் சிபியுவெயிட் மூலம் பகிரச் செய்வதே நல்லது.