ஸ்டீபன் கிங்கின் ‘தி ஸ்டாண்ட்’ நாவலை வைத்து 1994-இலும் 2020-இலும் வந்த குறுந்தொடர்களில் எதை முதலில் பார்க்கலாம்?

1994-இல் வந்ததை முதலில் பாருங்கள். ஒளிப்பதிவு, காட்சி நுட்பம், செலவு ஆகியவற்றில் 2020-இன் தொடரே மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தக் கதையை எந்த வரிசையில் சொன்னால் பார்ப்பவருக்கு அச்சம் பிறக்கும் என்பதைப் பழைய தொடரை எடுத்தவர்களே சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அதை விளக்குவதற்குக் கதையின் திருப்பங்களையும் முடிவையும் தொட வேண்டியிருப்பதால், எதையும் முன்கூட்டி அறிய விரும்பாதவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நாவல் முதலில் 1978-இல் வெளிவந்தது. விலை கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காகப் பதிப்பகத்தார் கேட்டுக்கொண்டதன் பேரில் அப்போது வெட்டப்பட்ட ஏறத்தாழ 400 கையெழுத்துப் பிரதிப் பக்கங்களில் பெரும்பகுதியை கிங் 1990-இல் திரும்பச் சேர்த்தார். கதை நடக்கும் ஆண்டையும் 1990 என்று மாற்றி, 1,100 பக்கங்களுக்கு மேல் நீளும் முழுப் பதிப்பாக வெளியிட்டார். கலிபோர்னியாப் பாலைநிலத்தில் உள்ள ஒரு ராணுவ ஆய்வுக்கூடத்தில் போருக்கென உருவாக்கிய ஃப்ளூ கிருமி கசிந்துவிடுகிறது. வாயிற்காவலில் இருந்த கேம்பியன் என்ற வீரன் மனைவியையும் குழந்தையையும் காரில் ஏற்றிக்கொண்டு தப்பி ஓடி, டெக்சஸ் மாநிலத்தின் ஆர்னெட் என்ற சிற்றூரில் ஒரு பெட்ரோல் நிலையத்தின் மீது மோதுகிறான். ‘கேப்டன் ட்ரிப்ஸ்’ என்று மக்கள் பெயரிடும் அந்தக் காய்ச்சல் 100 பேரில் 99 பேருக்கு மேல் கொன்று தீர்க்கிறது. மிஞ்சியவர்களில் ஒரு பகுதியினர், நெப்ராஸ்காவில் தனியாக வாழும் 108 வயது மூதாட்டி அபகெய்லைக் கனவில் கண்டு அவரைத் தேடிச் சென்று, பிறகு கொலராடோவின் போல்டர் நகரில் கூடுகிறார்கள். மற்றவர்களை ராண்டல் ஃப்ளாக் என்ற கருமனிதன் லாஸ் வேகஸுக்கு இழுத்துக்கொள்கிறான்.

நாவலின் முதல் பகுதியில் பேயோ பிசாசோ அநேகமாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1968-இல் யூட்டா மாநிலத்தின் டக்வே ராணுவச் சோதனைத் தளத்தை அடுத்து நரம்பு நச்சுப் பொருள் காற்றில் பரவி ஆயிரக்கணக்கான ஆடுகள் மடிந்த செய்தி இந்த நாவலுக்கு வித்தாக அமைந்தவற்றுள் ஒன்று என்று கிங்கே எழுதியிருக்கிறார். காற்று வேறு திசையில் வீசியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற அந்த எளிய கேள்விதான் முதல் சில நூறு பக்கங்களையும் நடத்திச் செல்கிறது. ஒரு போக்குவரத்துக் காவலர், வேகமாக வந்த காரை நிறுத்தி அபராதச் சீட்டு கொடுக்கும்போது, அதை ஓட்டிவந்த காப்பீட்டு முகவருக்கு நோயையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். அந்த முகவர் உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு மேசையில் வைத்துச் செல்லும் சில்லறையிலிருந்து அது பரிமாறும் பெண்ணுக்குப் போகிறது. இவ்வாறு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு நோய் மாறிச் செல்வதை கிங் ஒரு கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு எழுதிச் செல்லும் அத்தியாயத்தை விட அஞ்சத்தக்க பகுதி நாவலில் இல்லை என்பது என் கருத்து.

1994 தொடர் இதை மதித்தது. கிங்கே திரைக்கதை எழுத, மிக் காரிஸ் இயக்கிய அந்தத் தொடர் ஏபிசி தொலைக்காட்சியில் மே மாதம் நான்கு இரவுகளில் ஒளிபரப்பானது. மொத்தம் ஏறத்தாழ ஆறு மணி நேரம். ஆய்வுக்கூடத்தில் உணவு மேசைகளிலும் கணினிகளின் முன்னாலும் மடிந்து கிடப்பவர்களின் மேல் கேமரா மெதுவாக நகர, பின்னணியில் ‘மரணத்திற்கு அஞ்சாதே’ என்று ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட் குழுவினர் பாடும் அந்தத் தொடக்கக் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். முதல் இரவு முழுவதும் உலகம் படிப்படியாக நின்றுபோவதையே காட்டுகிறார்கள். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சிக்குரிய கட்டுப்பாடுகளால் ரத்தமும் கோரமும் குறைக்கப்பட்டிருந்தாலும், யார் பிழைப்பார் என்பது தெரியாமல் காத்திருக்கும் பதைப்பு அங்கே முழுமையாகக் கிடைக்கிறது. (தொடரின் பெரும்பகுதி அதே யூட்டாவில் படமாக்கப்பட்டது என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.)

ஜோஷ் பூனும் பெஞ்சமின் கேவெலும் உருவாக்கிய 2020 தொடர், ஒன்பது பகுதிகளாக சிபிஎஸ் ஆல் ஆக்சஸ் தளத்தில் வெளிவந்தது. அது போல்டரில், வீடுகளுக்குள் அழுகிக் கிடக்கும் பிணங்களை அகற்றும் குழுவோடு தொடங்கி, பழைய நிகழ்வுகளுக்கு முன்னும் பின்னுமாகத் தாவுகிறது. டெக்சஸில் கேம்பியனைக் காருக்குள்ளிருந்து தூக்கிய ஸ்டூ ரெட்மனை ராணுவம் அடைத்துவைத்துச் சோதிக்கும் காட்சிகள் நாவலில் மூச்சடைக்க வைப்பவை. இங்கே, அவர் போல்டருக்கு நலமாக வந்து சேர்ந்துவிட்டதை முதல் பகுதியிலேயே பார்த்துவிடுகிறோம். அதன் பிறகு துப்பாக்கியோடு எவர் அறைக்குள் நுழைந்தாலும் நமக்குப் படபடப்பு எங்கிருந்து வரும்? படப்பிடிப்பு 2020 மார்ச்சில், கொரோனா பரவிக்கொண்டிருந்த வாரங்களில் முடிவடைந்தது. டிசம்பரில் தொடர் வெளிவந்தபோது, இருமலுக்கே நடுங்கிக்கொண்டிருந்த பார்வையாளர்கள் முன்னால் நோய் பரவும் பகுதியைத் துண்டு துண்டாக்கிக் கொடுத்ததைப் போலத் தவறவிட்ட வாய்ப்பு வேறில்லை.

இந்த முன்பின் உத்தியால் ஒருவருக்கு மட்டும் நன்மை கிடைத்திருக்கிறது. ஹாரல்ட் லாடர் என்ற இளைஞன், தான் விரும்பிய ஃப்ரானி என்ற பெண், ஸ்டூவைத் தேர்ந்தெடுத்ததைத் தாங்க முடியாமல் வஞ்சம் வளர்ப்பவன். பிணக்குழுவில் சக தோழர்கள் அவனை மதிக்கத் தொடங்கும் நேரத்திலேயே அவன் பழைய அவமானங்களை அசைபோடுவதை அடுத்தடுத்து வைத்துக் காட்டும்போது, திருந்துவதற்கான கதவு அவனுக்கு எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தது என்பது கண்கூடாகிறது. ஓவன் டீக் அந்தப் பாத்திரத்தைப் பழைய தொடரில் கோரின் நெமெக் செய்ததைவிடப் பல மடங்கு நுட்பமாகச் செய்திருக்கிறார். மற்ற நடிகர்களைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. அபகெய்லாக ரூபி டீயும், அலட்டிக்கொள்ளாத ஸ்டூவாக கேரி சினீஸும் நடித்திருப்பதால் இந்தக் கணக்கிலும் பழைய தொடர் சற்று முன்னே நிற்கிறது என்பேன்.

லாஸ் வேகஸைக் கையாண்ட விதத்தில்தான் 2020 தொடர் மீது எனக்குப் பெரிய வருத்தம். நாவலில் ஃப்ளாக்கின் நகரம் ஒழுங்கான நகரம். மின்சாரம் போல்டரை முந்திக்கொண்டு அங்கே வந்துவிடுகிறது, தெருக்கள் சுத்தமாக இருக்கின்றன, மக்கள் நேரத்திற்கு வேலைக்குப் போகிறார்கள், போதைப் பொருளைத் தொட்டவன் சிலுவையில் அறையப்படுகிறான். போல்டரிலிருந்து உளவு பார்க்க வருபவர்களைத் திகைக்க வைப்பதும், அங்குள்ளவர்கள் பெரும்பாலும் சாதாரணமானவர்களாக, உழைப்பாளிகளாக இருப்பதுதான். பயந்துபோன நல்லவர்கள் ஒழுங்குக்காகக் கொடுங்கோலனிடம் தங்களை ஒப்படைப்பதே கிங் சொல்ல வந்த செய்தி. புதிய தொடர் அதை ஓயாத களியாட்டமும் கூத்தும் ரத்தச் சண்டையும் நிறைந்த விடுதியாக மாற்றிவிட்டது. அலெக்சாண்டர் ஸ்கார்ஸ்கார்டின் ஃப்ளாக் அடங்கிய குரலில் பேசி மிரட்டுகிறார் என்றாலும், சுற்றிலும் உள்ள கூட்டம் கெட்டவர்கள் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு ஆடும்போது அந்த அடக்கம் வீணாகிறது.

முடிவைப் பொறுத்தவரை இரண்டு தொடர்களும் சறுக்குகின்றன. குறை நாவலிலேயே இருக்கிறது. வானிலிருந்து கடவுளின் கை இறங்கி அணுகுண்டை வெடிக்க வைப்பது எழுத்தில் ஒருவாறு ஏற்கும்படி இருந்தாலும், 1994-இன் கணினி வரைகலையில் அது ஒளிரும் கையாகவே வந்து நிற்கும்போது சிரிப்பு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 2020-இல் அதை மின்னல் கக்கும் ஒளிப்பிழம்பாக மாற்றியது நல்ல தீர்மானம்தான்.

ஒன்பதாம் பகுதி தனியாகக் குறிப்பிடத்தக்கது. நாவலில் மற்றவர்கள் ஃப்ளாக்கை எதிர்கொள்ளப் புறப்படும்போது, கருவுற்றிருக்கும் ஃப்ரானி போல்டரிலேயே தங்கிவிடுகிறாள். அவளுக்கும் ஒரு சோதனைக் களம் அமைய வேண்டும் என்ற எண்ணம் கிங்கின் மனத்தில் பல ஆண்டுகளாக இருந்தது. அந்தக் காட்சிகளை இந்தத் தொடருக்காக அவரே எழுதிக் கொடுத்தார். நெப்ராஸ்காவில் ஒரு பாழ்கிணற்றுக்குள் விழுந்து கிடக்கும் ஃப்ரானியிடம் ஃப்ளாக் பேரம் பேசும் அந்த இடம் நாவலிலும் இல்லை, பழைய தொடரிலும் இல்லை. ஆகவே 1994 தொடரைப் பார்த்து, முடிந்தால் நாவலையும் படித்துவிட்டு, புதிய தொடரில் இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் கதை புரியும். நேரம் மிஞ்சினால் ஹாரல்டுக்காக முதல் பகுதியையும் சேர்த்துக்கொள்ளலாம்.