ஆய்வு மாணவர் விருதுகள்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

பல்கலைக்கழகத் தெரிவுக் குழுக்களில் சில காலம் அமர்ந்திருந்தவன் என்பதால் இந்தப் பருவத்தில் என்னிடம் வந்து சேரும் கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதுகிறேன்.

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தாயார்: என் மகளுக்குச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் 'பிரசிடென்ட்ஸ் கிராஜுவேட் ஃபெலோஷிப்' கிடைத்திருக்கிறது. இது பரிசா, வேலையா என்று உறவினர்கள் கேட்கிறார்கள்.

இரண்டும் இல்லை, அம்மா. ஆய்வில் சிறந்து விளங்குவார்கள் என்று நம்பப்படும் முனைவர் பட்ட மாணவர்களின் கல்விக் கட்டணத்தை ஏற்று, மாதந்தோறும் செலவுத்தொகையும் தரும் நல்கை அது. 'ஃபெலோஷிப்' என்ற சொல் இடத்துக்கு இடம் வேறு பொருளில் வழங்குவதால்தான் இந்தக் குழப்பம். தேசிய ஆய்வு அறநிறுவனம் தரும் ஃபெலோஷிப், முனைவர் பட்டம் பெற்று, தனக்கென ஓர் ஆய்வுக் குழுவை அமைக்க முற்படும் இளம் ஆய்வாளருக்கு ஐந்தாண்டுகளுக்கு வழங்கப்படுவது. உங்கள் மகள் இன்னும் தகுதித் தேர்வில் தேற வேண்டும், ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டும், வாய்மொழித் தேர்வில் அதற்காக வாதாட வேண்டும். அதுவரை வீட்டில் யாரும் 'டாக்டர்' என்று அழைக்காதிருப்பதே அவருக்கு நிம்மதி.

ஜூரோங்கில் பணிபுரியும் திருச்சிப் பொறியாளர்: 'சிங்கா' விருதுக்கு பாண்டு உண்டு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா ஐயா?

இல்லை, தம்பி. வெளிநாட்டு மாணவர்களுக்காக, அறிவியல் தொழில்நுட்ப ஆய்வுக்கான அரசு அமைப்பான ஏ-ஸ்டார் இங்குள்ள பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் அந்த விருது நான்காண்டு வரை கிடைக்கும். பட்டம் பெற்றபின் இங்கேயே பணிபுரிய வேண்டும் என்ற கடப்பாடு அதில் இல்லை. அதே ஏ-ஸ்டார் சிங்கப்பூரர்களுக்குத் தரும் உபகாரச் சம்பளத்தில் பணிக் கடப்பாடு உண்டு என்பதால், நண்பர்கள் இரண்டையும் கலந்து பேசியிருக்கக்கூடும்.

முதலாண்டு மாணவர்: செலவுத்தொகைக்கு மத்திய சேம நிதி (சிபிஎஃப் எனும் ஓய்வுக்காலச் சேமிப்பு), வருமான வரி உண்டா?

முழுநேர மாணவருக்குரிய உபகாரச் சம்பளம் ஊதியமாகக் கருதப்படுவதில்லை என்பதால் பொதுவாக இரண்டும் கிடையாது. முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வாளராக நியமனம் பெற்றால் அது வேலை. அப்போது வரி உண்டு, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மத்திய சேம நிதியும் உண்டு.

ஒரு சமூக அமைப்பின் செயலாளர்: விருது பெற்ற ஆய்வு மாணவர்கள் சிலரைப் பாராட்டவிருக்கிறோம். மேடையில் என்ன சொல்வது?

சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஒரு விழாவில், புரத மூலக்கூறுகள் மடிந்து வடிவம் பெறும் விதத்தை ஆராயும் ஒரு பெண்ணுக்குப் பொன்னாடை போர்த்தி, "சத்துணவு ஆய்வில் சாதனை படைத்தவர்" என்று அறிவித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே கைகூப்பினார். அருகில் நின்ற அவருடைய நெறியாளருக்குத் தமிழ் தெரியாதது எங்கள் நல்லூழ். ஆகவே ஒரு வாரம் முன்பே, "உங்கள் கேள்வி என்ன, அதற்கு விடை கிடைத்தால் யாருக்கு என்ன பயன்?" என்று மாணவரிடமே கேட்டு, அவர் தமிழில் எழுதித் தரும் இரண்டு வரிகளை மாற்றாமல் வாசியுங்கள். தமிழில் எழுதத் தயங்குபவரோடு ஒருவர் அமர்ந்து உதவலாம். பள்ளிக்கால மதிப்பெண்களையும் பெற்ற கேடயங்களையும் அடுக்குவதைத் தவிர்க்கலாம். ஆய்வகத்தில் இரவு பத்து மணிக்கு மூன்றாம் முறையாகத் தவறிய சோதனையைப் பற்றி அவரே ஒரு நிமிடம் பேசினால், அரங்கிலுள்ள உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: இருமுறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. என் ஆய்வு தரமற்றதா?

அப்படி முடிவு கட்டாதீர்கள். உங்கள் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் விண்ணப்பத்தின் முதல் பத்தியைக் கொடுத்து, புரிந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். குழுவில் பாதிப்பேர் அப்படிப்பட்டவர்கள்தாம்.

தமிழாய்வு மாணவி: அறிவியலுக்குத்தான் எல்லாமா?

நிதியில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் இங்குத் தமிழாய்வை ஊரே தாங்கிய காலமும் உண்டு. 1950களில் தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது, அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் படிப்புக்காகத் தொழிலாளர்களும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். இன்று விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகம் தன் சேகரிப்புகளைக் கொண்டு ஆய்வு செய்ய முன்வருவோருக்கு லீ கொங் சியான் ஆய்வு நல்கை வழங்குகிறது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே உள்ளன. விண்ணப்பத்தின் முதல் வரைவை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.