திருவனந்தபுரம் – நியூயார்க்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

நாகர்கோவிலில் இருந்து அம்மாவை நியூயார்க் பக்கம் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும், வளைகுடா வழியாகப் போனால் ரொம்பச் சுற்றாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2023 நவம்பரில் தக்கலையில் இருந்து என் அம்மாவை அதே வழியில் கூட்டிப் போனேன், அதனால் சொல்கிறேன்.

திருவனந்தபுரத்தில் இருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானம் இல்லை. வான்வழித் தூரம் சுமார் 13,800 கிலோமீட்டர். துபாய் வழியாகப் போனால் அங்கே வரை 2,950, அங்கிருந்து 11,020, ஆக மொத்தம் 13,970. சுற்று என்று நாம் பயப்படுவது 200 கிலோமீட்டர்கூட வராது! எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை, அக்கா மகளின் உலக உருண்டையில் பூக்கட்டுகிற நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். நூல் நேராக மேற்கே போகவில்லை, மும்பைக் கடலோரமாக வடக்கே ஏறி, ரஷ்யா, நார்வே எல்லாம் தாண்டி, கிரீன்லாந்துக்குக் கொஞ்சம் தெற்கே வளைந்து இறங்கியது. உலகம் உருண்டை என்பதால் சுவரில் மாட்டுகிற தட்டை வரைபடத்தைப் பார்த்துத் தூரம் கணக்குப் போடாதீர்கள்.

நேரத்துக்கு வருவோம். துபாய்க்கு நாலே கால் மணி நேரம், அங்கே மூன்றரை மணி நேரம் காத்திருப்பு, அப்புறம் 14 மணி நேரம் ஒரே இருப்பு. திரும்பி வரும்போது அந்த நீளப் பறப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறையும், ஏனென்றால் அந்த உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கே பலமாகக் காற்று வீசும், அது பின்னால் இருந்து தள்ளிவிடும்.

ஆனால் இதெல்லாம் ஆகாயத்துக் கணக்குதான். நாங்கள் வீட்டைப் பூட்டியது இரவு 11 மணிக்கு. மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் தாண்டி விமான நிலையம், அந்தப் பக்கம் இறங்கிக் குடிவரவு வரிசை, பிறகு காரில் நியூஜெர்சியில் இருக்கும் எடிசன். அங்கே இருக்கும் என் தம்பி வீட்டு வாசலில் காலை வைக்கும்போது 30 மணி நேரம் தாண்டிவிட்டது. அங்கே இருட்டிய மாலை, நம்மூரில் விடியற்காலை. நவம்பரில் பத்தரை மணி நேர வித்தியாசம், மார்ச்சுக்குப் பிறகு ஒன்பதரை.

"மக்களே, இன்னும் எவ்வளவு நேரம் உண்டு?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒன்பதாவது மணி நேரத்தில் கால் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்துவிட்டது. அதன் பிறகுதான் மணிக்கு ஒருமுறை எழுப்பி நடக்க வைத்தேன். நீங்கள் முதலில் இருந்தே செய்யுங்கள், நடைபாதை ஓர இருக்கையாக வாங்குங்கள்.

கட்டணம் குறைவு என்று சென்னை போய் ஏறச் சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒரு ராத்திரி ரயிலில் போய்விடும், வயதானவர்களுக்கு அதுவே பாதி உயிரை எடுத்துவிடும். இரண்டு பறப்பும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும், பெட்டி நேராக நியூயார்க் போய்விடும். சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.