லோடட் நேரத்தில் பைண்டிங் நல் ஆவது ஏன்?

கேள்வி இதுதான்: டபிள்யூபிஎஃப்-இல் (விண்டோஸ் திரைகள் கட்ட மைக்ரோசாஃப்ட் தரும் WPF) சொந்தமாகச் செய்த யூசர் கன்ட்ரோல், அதாவது ஒரு திரைத் துண்டு. ஜன்னலின் எக்ஸ்ஏஎம்எல்லில் (திரையை விவரிக்கும் XAML கோப்பு) பைண்டிங், அதாவது தரவையும் திரையையும் கட்டிவைக்கும் இணைப்பு, எழுதியாயிற்று. கன்ட்ரோல் திரைக்கு வரும்போது ஓடும் லோடட் ஈவென்ட்டில், இருக்கும் பைண்டிங்கை எடுத்துத் தரும் கெட்பைண்டிங்எக்ஸ்பிரஷனைக் கூப்பிட்டால் நல் (null, ஒன்றுமில்லை) வருகிறது, அவுட்புட் விண்டோவிலோ ஒரு பிழையும் இல்லை.

இதில் மூன்று நாள் தவித்திருக்கிறேன். குமுளிக்கு அந்தப் பக்கம் வண்டன்மேட்டில் ஏலக்காய் வாங்கும் கடை ஒன்றுக்கு எடை மென்பொருள் எழுதினேன். தராசிலிருந்து வரும் எடையைப் பெரிய எழுத்தில் காட்ட ஒரு கன்ட்ரோல். "தம்பி, தராசுல 52 கிலோ நிக்குது, உங்க திரையில முட்டைதான் நிக்குது" என்றார் கடைக்காரர். கிராம் கணக்குப் பார்க்கிற சரக்கு. மூட்டையோடு காத்திருந்த தோட்டக்காரரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

காரணம், லோடட்டில் நான் எழுதிய ஒரே வரி: எடை = 0. டிபென்டன்சி பிராப்பர்ட்டியில் (பைண்டிங் வைக்கத்தக்க பிராப்பர்ட்டி; இங்கே எடை) பைண்டிங் உட்கார்வதும் நாம் நேரடியாகக் கொடுக்கும் மதிப்பு உட்கார்வதும் ஒரே இடத்தில். ஒன்வே பைண்டிங் (தரவிலிருந்து திரைக்கு மட்டும் போவது) இருக்கும்போது மதிப்பை எழுதினால் பைண்டிங் அழிந்துவிடும். அழிந்த பைண்டிங் பிழை காட்டாது, அதனால்தான் அவுட்புட் சுத்தமாக இருந்தது. தட்டச்சுப் பெட்டியான டெக்ஸ்ட்பாக்ஸின் டெக்ஸ்ட் இயல்பிலேயே டூவே (இரு பக்கமும் போவது) என்பதால் அங்கே இதே வரி கெடுதல் செய்வதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் ஏமாந்தேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். கன்ட்ரோலை உருவாக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகே ஜன்னலின் எக்ஸ்ஏஎம்எல் பைண்டிங்கை வைக்கிறது; லோடட் அதற்கும் பிறகு. அதே வரி கன்ஸ்ட்ரக்டரில் இருந்திருந்தால் பைண்டிங் பிழைத்திருக்கும். தொடக்க மதிப்புதான் வேண்டுமென்றால் பிராப்பர்ட்டியைப் பதிவு செய்யும்போதே மெட்டாடேட்டாவில் (அதனுடன் சேர்த்துத் தரும் விவரம்) கொடுத்துவிடுங்கள். நடுவில் மாற்றியே ஆகவேண்டுமென்றால் செட்கரன்ட்வேல்யூ இருக்கிறது. 2010-இல் டாட்நெட் 4-உடன் வந்தது, பைண்டிங்கைத் தொடாது.

கெட்பைண்டிங்எக்ஸ்பிரஷன் தரும் எக்ஸ்பிரஷன் நல் இல்லாமல் அதன் டேட்டாஐட்டம் (பைண்டிங் தரவை எடுக்கும் பொருள்) மட்டும் நல் என்றால் நோய் வேறு: டேட்டாகான்டெக்ஸ்ட், அதாவது கன்ட்ரோலுக்குத் தரும் தரவுப் பொருள், இன்னும் வந்து சேரவில்லை. அப்போது லோடட்டை நம்பாமல் டேட்டாகான்டெக்ஸ்ட்சேஞ்ச்ட் ஈவென்ட்டில் வேலையை வையுங்கள். டேப் மாறி மாறித் திறந்தால் லோடட் மறுபடியும் ஓடும் என்பதையும் மறக்காதீர்கள்.

முதலில் உங்கள் கோடில் அந்த பிராப்பர்ட்டியின் பெயரைத் தேடி, சமக்குறிக்கு இடப்பக்கம் அது நிற்கும் ஒவ்வொரு வரியையும் பாருங்கள்.