பிபிக்கு ஸ்டீராய்டா, டாக்டர்?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. அடிக்கடி தலைவலி என்று கண் டாக்டரிடம் போனோம், அவர் சொல்லி பிபி பார்த்ததில் 150/100. சிறுநீரக ஸ்கேன் நார்மல். இரண்டு மாத்திரை மாற்றியும் குறையவில்லை. இப்போது பார்க்கிற டாக்டர் ரத்தம் எடுத்து, மரபணுப் பரிசோதனையும் செய்து, பரம்பரை ஹார்மோன் கோளாறு என்கிறார். ராத்திரியில் சின்ன அளவு ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருக்கிறார். என் கணவருக்கு 26 வயதிலிருந்தே பிபி. மாமனார் 39 வயதில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்துவிட்டார். ஸ்டீராய்டு சாப்பிட்டால் பிபி ஏறும் என்றுதானே சொல்வார்கள்? கொடுக்கவே பயமாக இருக்கிறது. (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது சரிதான், ஸ்டீராய்டு பொதுவாக பிபியை ஏற்றும். ஆனால் உங்கள் மகனுக்கு இருப்பதாகச் சொல்லும் கோளாறில் அதே மருந்துதான் பிபியை இறக்கும். எப்படி என்று சொல்கிறேன்.

சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி பல ஹார்மோன்களைச் செய்கிறது. அதில் கார்டிசால் ஒன்று, ஆல்டோஸ்டிரோன் இன்னொன்று. கார்டிசாலுக்கு உத்தரவு மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரியிலிருந்து வருகிறது. உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டிரோனுக்கு முக்கியமான உத்தரவு சிறுநீரகம் விடும் ரெனின் வழியாக வருகிறது, உப்பும் தண்ணீரும் போதுமான அளவு இருந்தால் ரெனின் அடங்கிவிடும், ஆல்டோஸ்டிரோனும் குறைந்துவிடும். கார்டிசால், ஆல்டோஸ்டிரோன் இரண்டையும் செய்யும் மரபணுக்கள் 8-வது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பரம்பரையில் எப்போதோ ஒரு முறை இவை மாறி ஒட்டிக்கொண்டு, கார்டிசால் மரபணுவின் முன்பகுதியும் ஆல்டோஸ்டிரோன் மரபணுவின் பின்பகுதியும் சேர்ந்து ஒரு கலப்பு மரபணு உண்டாகிவிடுகிறது. வீட்டில் மோட்டார் வயரைத் தப்பாக ஹால் லைட் ஸ்விட்சில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? லைட் போடும்போதெல்லாம் மோட்டாரும் ஓடும், டேங்க் நிரம்பி வழிந்தாலும் நிற்காது. அப்படித்தான் பிட்யூட்டரி கார்டிசாலுக்கு உத்தரவு போடும்போதெல்லாம் இவர்களுக்கு ஆல்டோஸ்டிரோனும் சுரக்கிறது. ராத்திரி கொடுக்கிற அந்தச் சின்ன மாத்திரை, விடியற்காலையில் பிட்யூட்டரி அந்த ஸ்விட்சைப் போடாமல் தடுக்கிறது. மோட்டார் நிற்கிறது, பிபி இறங்குகிறது.

1966-ல் கனடாவின் டொரோன்டோவில் ஒரு தகப்பனுக்கும் மகனுக்கும் இப்படி ஸ்டீராய்டில் பிபி இறங்கியதை டாக்டர்கள் எழுதி வைத்தார்கள். காரணமான கலப்பு மரபணுவை 1992-ல் ரிச்சர்ட் லிஃப்டன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். ரெனின் ஏற்கெனவே அடங்கிப் போயிருப்பதால், ரெனின் வழியில் வேலை செய்யும் வழக்கமான பிபி மாத்திரைகள் இவர்களுக்குச் சரியாகக் கேட்காது. உங்கள் பையனுக்கு முதல் இரண்டு மாத்திரைகள் பலிக்காததற்கு இது காரணமாக இருக்கலாம்.

ஸ்டீராய்டு அளவு கூடினால் வளர்ச்சி குறையும் என்பது உண்மை. அதனால் பிபி கட்டுப்படும் மிகக் குறைந்த அளவே போதும், உயரத்தையும் எடையையும் தவறாமல் குறித்து வரச் சொல்லுங்கள். ஸ்டீராய்டே வேண்டாம் என்று தோன்றினால் ஸ்பைரனோலாக்டோன், எப்ளெரெனோன், அமிலோரைடு போன்ற மாத்திரைகளும் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் ஆரம்பித்த ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது மாமனாரைப் பற்றிய வரிதான். இந்தக் கோளாறுள்ள குடும்பங்களில் இளம் வயதிலேயே மூளையில் ரத்தக்கசிவு வருவது தெரிந்த விஷயம். "எங்கள் தாத்தாவுக்கும் பிபி" என்று சொல்லிவிட்டுப் போகிறோம், எந்த வயதில் வந்தது, எந்த வயதில் இறந்தார் என்று யாரும் சொல்வதில்லை. அந்த வயதுதான் டாக்டருக்கு வேண்டியது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்கள் கணவர் இந்த மாதமே பரிசோதனை செய்துகொள்ளட்டும், அவருடைய உடன்பிறந்தவர்களுக்கும் சொல்லுங்கள். ஆல்டோஸ்டிரோன் கூடினால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையலாம், ஆனால் பொட்டாசியம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தால் அதை நம்பி விட்டுவிட வேண்டாம், இதில் பலருக்கு அது நார்மலாகவே இருக்கும். பருவ வயதிலிருந்து 5 ஆண்டுக்கு ஒருமுறை மூளை ரத்தக்குழாய்களை எம்ஆர்ஏ ஸ்கேனில் பார்க்க வேண்டும் என்ற பரிந்துரை இருக்கிறது. அதையும் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

கேள்வி: என் 4 வயதுப் பேரன் அதே வயதுப் பிள்ளைகளைவிட ஒரு தலை உயரம். குரல் கரகரவென்று ஆகி, மர்ம இடத்தில் முடியும் வந்திருக்கிறது. காய்ச்சலுக்குப் போனபோது பிபியும் அதிகம் என்றார்கள். என் மகன் கட்டியது தாய்மாமன் மகளை. "நல்லா வளர்றான், விடுங்க" என்கிறார்கள் வீட்டில். (மதுரை வாசகர்)

பதில்: ஐயா, விடாதீர்கள். முதலில் பேரனின் கைக்கு ஏற்ற பட்டையால் திரும்பவும் பிபி பாருங்கள், சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். அப்படியும் அதிகம் என்றால் குழந்தை நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் போங்கள். கார்டிசாலைச் செய்யும் கடைசிப் படியில் ஒரு என்சைம் இல்லாமல் பிறக்கும் பிள்ளைகள் உண்டு. கீழே இறங்க வழியில்லாமல் தேங்கும் பொருளில் ஒரு பங்கு உப்பைப் பிடித்து பிபியை ஏற்றும், இன்னொரு பங்கு ஆண் ஹார்மோனாகும். இப்போதைய உயரத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது, எலும்பு சீக்கிரம் முற்றி, பெரியவனாகும்போது குட்டையாக நின்றுவிடுவான். அம்மா அப்பா இருவரும் அதே பழுதான மரபணுவைச் சுமந்தால்தான் இது வரும், சொந்தத்தில் கட்டும்போது அந்த வாய்ப்பு கூடும். அதற்காக மருமகளையோ மகனையோ குறை சொல்லாதீர்கள், சுமப்பவருக்கு உடம்பில் எந்த அடையாளமும் இருக்காது. உறுதியானால் அடுத்த குழந்தைக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, அதனால் மரபணு ஆலோசனை அவசியம். கார்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால், காய்ச்சல் வரும் நாட்களில் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், எவ்வளவு என்று எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

கேள்வி: சளிக்கு என் மகளுக்குத் தினமும் அதிமதுரக் கஷாயம் தருகிறேன். பிபி உள்ள பிள்ளைக்குத் தரலாமா? (ஈரோடு வாசகி)

பதில்: தர வேண்டாம் அம்மா. சிறுநீரகத்தில் ஒரு என்சைம் கார்டிசாலைச் செயலிழக்க வைத்து, அது ஆல்டோஸ்டிரோனின் வேலையைச் செய்யாமல் காக்கிறது. அதிமதுரத்தில் இருக்கும் கிளிசிரைசின் அந்த என்சைமை முடக்கும், தினமும் குடித்தால் உப்பு தேங்கி, பொட்டாசியம் இறங்கி, பிபி ஏறும். அந்த என்சைம் பிறவியிலேயே இல்லாத குழந்தைகளும் இருக்கிறார்கள். எடை குறைவாகப் பிறப்பார்கள், எடை ஏறாது, எப்போதும் தாகம், ஓயாமல் சிறுநீர். உங்கள் மகளுக்கு இதில் எதுவும் இருந்தால், கஷாயத்தை நிறுத்திய பிறகு பொட்டாசியமும் ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை மாதமாகக் கஷாயம் கொடுத்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.